களுத்துறை வரை போய் வாங்கிய பழம்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி இருக்கும் கடற்பக்க லேனிலிருந்து காலி வீதிக்கு நடந்துகொண்டிருந்தபோது, என் வலது செருப்பின் வார் அறுந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு வாங்கிய செருப்பு. இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் லேன் முழுவதும் தண்ணீர் தேங்கி நின்றது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்தால் வெறுங்காலை அந்தத் தண்ணீரில் வைக்க வேண்டும், காலிலேயே விட்டால் ஒவ்வோர் அடிக்கும் அது முன்னால் ஓடிவிடும் என்ற நிலையில், பெருவிரலால் அதை இறுக்கிப் பிடித்து, காலை இழுத்து இழுத்து வீதிக்கு வந்து சேர்ந்தேன். மருதானைக்குப் போகும் 155ஆம் இலக்கப் பஸ் அப்போதுதான் தரிப்பிடத்தை விட்டு நகர்ந்தது. அடுத்த பஸ்ஸுக்காக முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். வந்தபோது இரண்டு பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன.

மத்தியானம் தொலைபேசியில் இதை அம்மாவிடம் சொன்னேன். "ஏழரைக்கு முதல் வெளிக்கிடு எண்டு எத்தினை தரம் சொன்னனான் பிள்ளை" என்றார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது மணி வரை இராகுகாலம். அம்மா சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால், எட்டரை மணிக் கந்தோருக்குப் போகிற கொழும்பு நகரம் முழுவதுமே கிழமையின் முதல் நாளை இராகுகாலத்தில்தான் தொடங்குகிறது. தமிழர் மட்டுமல்ல, இராகுகாலம் பார்க்கும் சிங்களவரும் அதே நேரத்தில், அதே பஸ்ஸின் மிதிபலகையில்தான் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் எல்லோருடைய செருப்பும் அறுவதில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயதில் அம்மாவுக்கு நாளும் கோளும் ஒரு துணை. அந்தத் துணையை அவரிடமிருந்து பறிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தக் கிழமை திங்களோடு நிற்கவில்லை. செவ்வாய் இரவு இடியப்பத் தட்டுகளை அடுக்கி அடுப்பில் ஏற்றிய ஐந்தாவது நிமிடத்தில் காஸ் முடிந்தது. புதன்கிழமை, அம்மாவின் ஓய்வூதிய அலுவல் ஒன்றுக்காக அரைநாள் லீவு போட்டு ஓர் அலுவலகத்தில் வரிசையில் இருந்தேன். என் இலக்கம் வந்தபோது கடிதம், நிழற்பிரதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. கையொப்பம் இட வேண்டியவர்தான் அன்றைக்கு லீவு. வியாழக்கிழமை லிஃப்ட் பழுதானது. நான்காம் மாடியிலிருந்து முழங்கால் வலியோடு படி இறங்க முடியாமல், இரண்டு மாதத்துக்கு முன்பே நேரம் எடுத்து வைத்திருந்த வைத்தியரிடம் அம்மாவால் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை குடையைப் பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிய அதே நிமிடம் மழை கொட்டத் தொடங்கியது.

இவற்றில் எதுவும் பெரிய துன்பம் அல்ல. ஒன்றுக்காகவும் யாரும் அழமாட்டார்கள். ஆறுதல் சொல்ல யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு ஈரத் தலையோடு குசினியில் நின்றபோது, எங்கேயோ இருந்து யாரோ என்னைக் குறி வைத்துச் சின்னச் சின்னக் கற்களாக எறிகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்மையாகவே வந்தது. பட்ட காலிலே படும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நாக்கு, அந்தப் பழமொழியைத் தானாகவே எடுத்து வைத்தது.

அந்த எண்ணத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. கணக்குப் பார்க்கிற தொழிலில் இருப்பவள் என்பதால் அதையும் கணக்காகவே உட்கார்ந்து பார்த்தேன். பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் ஆறு பஸ்கள் போகின்றன என்று வைத்தால், பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அவை ஒழுங்காக வரும்போது தரிப்பிடத்துக்கு வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பஸ்களும் சோடி சோடியாக வந்தால் இடைவெளி இருபது நிமிடமாகும், காத்திருப்பும் பத்து நிமிடமாகும். பஸ்ஸின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் காத்திருப்பு இரட்டித்துவிட்டது. சோடி சேர்வதற்கும் காரணம் இருக்கிறது. சற்றுத் தாமதித்த பஸ்ஸுக்கு அடுத்த தரிப்பிடத்தில் கூடுதலான ஆட்கள் நிற்பார்கள். அவர்களை ஏற்றுவதால் அது இன்னும் தாமதிக்கும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆட்கள் குறைவு, ஆகவே அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது இன்னொன்று: நேரம் பார்க்காமல் வீதிக்கு வருகிற ஒருவர், சிறிய இடைவெளிக்குள் வந்து சேர்வதைவிட நீண்ட இடைவெளிக்குள் வந்து சேர்வதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நாளின் பெரும்பகுதியை நீண்ட இடைவெளிகளே நிரப்பிக்கொண்டிருக்கின்றன. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நான் நினைத்தது, அந்தத் தரிப்பிடத்தில் நிற்கிற பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நாட்களில் நினைக்கிற ஒன்று.

காஸும் அப்படித்தான். பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் ஒன்று சமையலின் நடுவில்தான் முடியும். அடுப்பு எரியாத வேளையில் அது எப்படி முடியும்? பட்ட கால் விடயத்திலும், காயம்பட்ட விரல் மற்ற நாட்களிலும் அதே நாற்காலியில், அதே வாசற்படியில் இடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. புண் இல்லாதபோது நாம் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். வீதிக்கு வந்தவுடன் பஸ் கிடைத்த நாட்களை நான் எண்ணி வைத்ததில்லை. அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறினேன், இருந்தேன், வேறு எதையோ யோசித்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை விலக்கி வைக்க வேண்டும். நான் கெட்ட நேரம் என்று சொல்வது செருப்பையும் பஸ்ஸையும்தான். 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்ததையோ, 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததையோ, வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடிய விடிய வரிசையில் நின்றதையோ கெட்ட நேரம் என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவை மனிதர்கள் செய்தவை, அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் வந்தவை. அவற்றைக் காலத்தின் தலையில் கட்டிவிட்டால் செய்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். காலத்தின் கணக்கில் எழுதக்கூடியது சின்ன விடயங்கள் மட்டும்தான்.

அம்மாவிடம் சின்ன விடயங்களுக்கும் ஒரு பெரிய கணக்கு உண்டு. சனி பகவான் இராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம். பன்னிரண்டு இராசிக்குப் பங்கிட்டால் இராசிக்கு இரண்டரை வருடம். நம்முடைய இராசிக்கு முன்னுள்ளது, நம்முடையது, பின்னுள்ளது என்று மூன்றைக் கூட்டினால் ஏழரை. முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி. "உனக்கு இது இரண்டாம் சுற்று. குடுத்துப்போட்டுத்தான் போவான், பயப்பிடாதை" என்று அம்மா வெள்ளிக்கிழமை இரவு என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். நாற்பது வயதைக் கடந்த பிறகும் தலை துவட்டிவிட ஒருவர் இருப்பதைச் சனி கொடுத்தாரா, வேறு யார் கொடுத்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் அந்தத் துவாயின் கீழே இருந்தபோதுதான், நாளைக்குக் களுத்துறைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு அப்பாதான் காரணம்.

அப்பா அறுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்தவர். மாம்பழக் காலம் வந்தால் ஊரிலிருந்து யாழ்தேவி ரயிலில் ஒரு பெட்டி கருத்தக்கொழும்பான் வரும். வைக்கோலில் பொதிந்து, சாக்கால் மூடித் தைத்த பெட்டி. கோட்டைப் புகையிரத நிலையத்தில் அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருகிற இரவில் எங்கள் வீடு முழுவதும் மாம்பழம் மணக்கும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோனது. பெட்டியும் நின்றது. அடுத்த வருட ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, வடக்கே போக முடியாத ரயிலை விட்டுத் தெற்கே போகிற ரயிலில் ஏறினார். அவருடைய கந்தோரில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர், களுத்துறையில் மங்குஸ்தான் காலம் தொடங்கிவிட்டது என்று சொல்லியிருந்தாராம். அந்த வருடத்திலிருந்து ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்களுக்குக் களுத்துறைக்கு என்று ஆகியது.

அது அந்த நாட்களில் இலகுவான பயணம் அல்ல. தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடும் கனமான ஒரு பையோடும் ஒரு மனிதர் ரயிலில் போய் வருவது சோதனைச் சாவடிகளில் கேள்விக்குரிய விடயமாக இருந்த காலம். ஒருமுறை திரும்பி வரும் வழியில் பையைத் திறந்து காட்டச் சொன்ன சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. அப்பா பையைத் திறந்து காட்டினார், பிறகு மூன்று பழங்களை எடுத்து நீட்டினார். சிப்பாய் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிவிட்டு, இரு உள்ளங்கைக்கு நடுவிலும் ஒரு பழத்தை வைத்து அழுத்தி உடைத்து, அங்கேயே நின்று தின்றார். பழக்கப்பட்ட கை அது. பழத் தோட்டங்கள் உள்ள ஊர்ப் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தைச் சந்தையிலும் மங்குஸ்தான் கிடைக்கும், எதற்கு இவ்வளவு தூரம் என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பார். அப்பா ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "கரைச்சல் எங்களைத் தேடி வீட்டுக்கு வருது, காசு கேக்காமல் வருது. நல்லதுக்கு நாங்கள்தான் டிக்கட் எடுக்க வேணும்." நான் சிறுமியாக இருந்தபோது இதை அப்பாவின் வழக்கமான கதைகளில் ஒன்றாகத்தான் கேட்டேன். இப்போது இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கெட்ட நேரத்துக்கு முகவரி தெரியும். லேனில் வந்து செருப்பை அறுக்கும், நான்காம் மாடிக்கு ஏறி வந்து அடுப்பை அணைக்கும். இனியது எதற்கும் எங்கள் முகவரி தெரியாது. அது ஒரு மரத்தில், ஒரு கடற்கரையில், யாரோ ஒருவருடைய அடுப்பில், தன் பாட்டில் இருந்துகொண்டிருக்கும்.

கொழும்பில் இதை அறிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்கள் மாடியில் மூன்றாம் வீட்டில் இருக்கும் மாமா, மாதம் ஒரு முறை மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், சாய்த்து அடுக்கிய புத்தகங்களுக்குள் தமிழ்ப் புத்தகம் ஒன்றாவது அகப்படுமா என்று அரைநாள் தேடுகிறார். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார். முகம் மட்டும் தெளிந்திருக்கும். என்னோடு வேலை செய்யும் ஒருத்தி மஹரகமையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் காலிமுகத்திடலுக்கு வந்து, தள்ளுவண்டியில் சுடச்சுட ஓர் இறால் வடை வாங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு தின்றுவிட்டு, மறுபடியும் இரண்டு பஸ் மாறித் திரும்பிப் போவாள். வடைக்குக் கொடுத்த காசையும் பஸ்ஸுக்குக் கொடுத்த காசையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதினால் கணக்கு நட்டத்தில்தான் முடியும். அந்தத் தாளில் எழுத முடியாத ஒன்று இருக்கிறது என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

2014 ஒக்டோபரில் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை போனது. அதற்கு முன்பே, பாதை திறந்ததும், இரவு பஸ்களில் மாம்பழம் வரத் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் வெள்ளவத்தையில் பஸ்ஸின் அடிப்பெட்டியைத் திறக்கும்போது எழும்பும் வாசம் இன்றைக்கும் என்னை நின்று பார்க்க வைக்கும். ஆனால் மாம்பழம் திரும்பி வந்தபின்னும் அப்பா களுத்துறையை விடவில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவர் காலமானார். அதன் பிறகு நாங்கள் யாரும் போகவில்லை. மங்குஸ்தானைச் சந்தையில் வாங்கினோம். சில வருடம் வாங்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு, பழைய செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, இரவல் குடை ஒன்றோடு வெளிக்கிட்டேன். "எங்கை போறாய் இந்த மழைக்குள்ளை?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். சந்தையில் இல்லாததா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் கடல் பக்கத்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்பதுக்கு முதல் ரயில் ஏறிப்போடு" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகுகாலம்.

வெள்ளவத்தைப் புகையிரத நிலையம் கடலுக்கு அருகிலேயே இருக்கிறது. மேடைக்கும் அலைக்கும் நடுவில் இருப்பது தண்டவாளமும் கருங்கற்களும்தான். ஜூன் மாதத்துத் தென்மேல் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ரயில் தெஹிவளையை நெருங்கும்போது ஓர் அலை கல்லில் மோதி உயர எழும்பி, திறந்திருந்த யன்னல்கள் வழியாக எங்கள் எல்லோர் மீதும் தூவியது. எனக்கு எதிரில் இருந்த ஒரு சிறுவன் உதட்டை நக்கிப் பார்த்துவிட்டுத் தாயிடம் ஏதோ சொன்னான். நானும் நக்கிப் பார்த்தேன், உப்பு. முதல்நாள் மழையில் நனைந்தபோது வந்த எரிச்சலில் ஒரு துளிகூட இப்போது இல்லை. நனைந்தவளும் நான்தான், தண்ணீரும் தண்ணீர்தான். நேற்றுத் தண்ணீர் என்னிடம் வந்தது, இன்றைக்கு நான் அதனிடம் போயிருந்தேன்.

கல்கிசை கடந்ததும் பாதை சற்று உள்ளே போய், பிறகு மறுபடியும் கடலைத் தொடுகிறது. மொரட்டுவை, பாணந்துறை. வாதுவைக்குப் பிறகு தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பது தெரியும். கள் இறக்குபவர்கள் ஒரு மரத்தில் ஏறிவிட்டு, கீழே இறங்காமல் அந்தக் கயிற்றில் நடந்தே அடுத்த மரத்துக்குப் போவார்கள். கீழ்க்கயிற்றில் கால், மேற்கயிற்றில் கை. சின்ன வயதில் அப்பா அதைக் காட்டி, "பார், இவை விழுறேல்லை" என்பார். விழுந்தவர்களும் இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

களுத்துறை வடக்கு நிலையத்தைத் தாண்டியதும் களு கங்கைப் பாலம். ஆறு மழைத் தண்ணீரோடு மண் நிறமாகப் பெருகி ஓடியது. அக்கரையில் வெள்ளைத் தாதுகோபுரமும் அதன் அருகே அரச மரமும். காலி வீதியில் போகும் வாகனங்கள் அந்த அரச மரத்தடியில் நின்று, உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் போகும். தூர பஸ்களின் நடத்துநர்கள் பாய்ந்து இறங்கிப் போட்டுவிட்டு ஓடி வந்து ஏறுவார்கள். நான் களுத்துறை தெற்கில் இறங்கி ஓட்டோவில் அந்தப் பக்கம் திரும்பி வந்தபோது, ஓட்டோக்காரரும் ஒரு நிமிடம் நிறுத்திக் காசு போட்டார். நானும் ஒரு நாணயத்தைக் கொடுத்தேன். அம்மாவின் இராகுகாலத்துக்கும் இந்த நாணயத்துக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பாதையில் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுப் போவது மரியாதையான செயல் என்றே நினைக்கிறேன்.

பழம் விற்ற அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். வீதியோரத்தில் நீலப் பொலித்தீன் கூரையின் கீழ், சாக்கு விரித்து, குவியல் குவியலாக வைத்திருந்தார். சிங்களத்தில் பேசினோம், என்னை மகள் என்றே கூப்பிட்டார். நான் ஒரு பழத்தை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்ததைக் கண்டதும், யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். அப்பா என்று சொன்னேன்.

அந்த அடிப்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்குஸ்தான் பழத்தின் காம்புப் பக்கத்தில் நான்கு தடித்த பச்சை இதழ்கள் ஒரு தொப்பியைப் போல இருக்கும். அதற்கு நேர் எதிரே, அடியில், யாரோ அச்சுக் குத்தியதைப் போல மரநிறத்தில் சிறிய பூ ஒன்று ஒட்டியிருக்கும். அது பூவின் சூலகமுடி காய்ந்து எஞ்சியது. அந்தச் சின்னப் பூவில் ஐந்து இதழ் இருந்தால் உள்ளே ஐந்து சுளை. ஏழு இருந்தால் ஏழு. சூலகத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஓர் இதழ் என்பதால் இந்தக் கணக்குப் பிழைக்காது. இதழ் கூடக் கூடச் சுளைகள் சிறிதாகும், விதையில்லாத சுளைகளும் கூடும். ஒன்றோ இரண்டோ பெரிய சுளைக்குள்தான் விதை இருக்கும். வாழ்க்கையில் எத்தனையோ பொதிகளைத் திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கியிருக்கிறேன். இந்தப் பழம் மட்டும் தன் உள்ளே இருப்பதை வெளியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அப்பா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவி எண்ணச் சொல்வார். சரியாகச் சொன்னால் அந்தப் பழம் எனக்கு; பிழையாகச் சொன்னாலும் எனக்குத்தான்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். அழுத்தினால் சற்றுக் கொடுக்கிற தோல் நல்லது. கல்லாக இறுகியிருந்தால் அது பழையது, அல்லது விழுந்து அடிபட்டது. அடிபட்ட இடத்தில் தோல் இறுகிப்போய்விடும், பிறகு என்ன அழுத்தினாலும் திறக்காது. தோலில் மஞ்சள் பிசின் கசிந்து காய்ந்திருந்தால் கவனிக்க வேண்டும், அந்தப் பிசின் சுளையில் பட்டால் கசக்கும். அம்மையார் என்னோடு சேர்ந்து தானும் தெரிந்து கொடுத்தார். ஐம்பது பழம் எண்ணி முடித்தபின், அவருடைய தாய் நட்ட மரத்தின் பழம் இவை என்று சொன்னார். நட்டு ஏறக்குறையப் பத்து வருடம் காத்திருக்க வேண்டிய மரம் அது. விதை சில நாட்களுக்கு மேல் உலர்ந்து கிடந்தால் முளைக்காது. முளைத்தாலோ மகரந்தம் சேராமலே உருவான விதை என்பதால், பிள்ளை மரம் தாய் மரத்தைப் போலவே இருக்கும். அவருடைய தாய் நட்ட விதை எந்த மரத்திலிருந்து வந்ததோ, அந்த மரத்தின் பழத்தைத்தான் நான் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும் ரயில் ஐம்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். மழை மேடையின் விளிம்பு வரை அடித்தது. வாங்கில் இருந்து ஒரு பழத்தை எடுத்தேன்; ஆறு இதழ். இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து விரல்களைக் கோத்து மெதுவாக அழுத்தியபோது, தோல் இடுப்பில் சுற்றி வெடித்து, மேல் மூடி கிண்ணத்தின் மூடி போலக் கழன்று வந்தது. ஊதாநிறக் கிண்ணத்துக்குள் உள்ளிப் பல் போல வெள்ளை வெளேரென்று ஆறு சுளைகள். முதல் சுளை நாக்கில் பட்டதும் இனிப்பும் புளிப்பும் ஒன்றாக வந்து, மெல்லத் தொடங்கும் முன்பே கரைந்து போனது. அது எதைப் போன்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாக அது அதைப் போலவே இருக்கிறது. ஐம்பது நிமிடமும் எனக்கு நீளமாகத் தெரியவில்லை. நான்கு பழம் தின்றேன். தோலின் சாறு பட்டு என் சட்டையின் நுனியில் ஊதாக் கறை ஒன்று பிடித்துக்கொண்டது. தோய்த்தாலும் போகாத கறை.

லிஃப்ட் இன்னும் திருத்தப்பட்டிருக்கவில்லை. நான்கு மாடியும் பையோடு ஏறி வந்து, மேசையில் பத்திரிகை விரித்துப் பழங்களைக் கொட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்துப் பிரித்தார். நாற்பத்தாறில் இரண்டு கல்லாக இறுகியிருந்தன. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு பழத்தைக் கவிழ்த்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவினார். அம்மாவுக்கும் இந்த விளையாட்டு தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏழு" என்றார். உடைத்தோம். ஏழுதான்.

மூன்றாவது பழத்தைத் தின்னும்போது அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அடுத்த சனிக்குள்ளை லிஃப்ட் செய்துபோடுவினமே?" நான் பார்க்கிறேன் என்றேன். இன்னொரு சுளையை எடுத்து வாயில் வைத்துவிட்டு, "களுத்துறை தெற்கிலை இறங்கினால் பாலப் படி ஏற வேணுமே, இல்லாட்டி மேடையிலையிருந்து நேர வெளியாலை போகலாமே?" என்றார்.